ஒரு கட்டத்தில் நான்கு தேதி



ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிட்டாயிற்று. முருகர் எத்தனை, குழந்தைப் படம் எத்தனை, இயற்கைக் காட்சி எத்தனை என்று புரட்டிப் பார்க்கிற ஏஜென்ட்டுகளின் கூட்டம் அச்சகங்களில் இன்னும் குறையவில்லை. இந்தச் சீசனில் நமக்கு வருகிற கடிதங்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. பேப்பர் விலை இறங்குமா, ஜிஎஸ்டி குறையுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மலேசியாவுக்கு ஆர்டர் பிடிக்கப் போகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். அச்சகக்காரர்கள் மட்டுமில்லை. விருதுநகர் மல்லி, வத்தல் வியாபாரிகளின் பிள்ளைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், சாத்தூரில் காராச்சேவு பாக்கெட் போடுகிறவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். பொதுவாகச் சொல்ல வேண்டியதை இந்தப் பக்கத்தில் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் மளிகைக் கடையிலும் வீட்டுச் சமையலறையிலும் தொங்குகிற மாதக் காலண்டரை நம் அச்சகத் தம்பிகள் ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். குதிரைப் பந்தயம் நடக்கிற நாள்களில் சின்னக் குதிரைப் படம் போட்டிருப்பதால் அதைக் குதிரைக் காலண்டர் என்றே அங்கே சொல்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் நான்கு தேதி இருக்கும். நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. ஒரு மூலையில் சீன எழுத்தில் சந்திர மாதத் தேதி, இன்னொரு மூலையில் இஸ்லாமியத் தேதி, மற்றொன்றில் நம் தமிழ்த் தேதி. பள்ளி விடுமுறைக்கு ஒரு நிறம், பொது விடுமுறைக்கு ஒரு நிறம். எந்த விடுமுறை எந்த மாநிலத்துக்கு என்று கீழே பொடி எழுத்தில் பட்டியல் ஓடும். அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு அந்தக் கட்டத்தின் நெருக்கடி உடனே புரியும். நாலு மொழிக்காரரும் தங்கள் தேதியைத் தேடினால் அரை நொடியில் கண்ணில் பட வேண்டும், ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடக் கூடாது. அந்த நாட்டில் வியாபாரம் பேசுவதும் இப்படித்தான். எதிரே இருப்பவர் எந்தத் தேதியைப் பார்த்து வாழ்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் சாம்பிள் பையைத் திறக்காதீர்கள்.

மலேசியக் குடிமக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர் மலாய்க்காரர்களும் மற்ற பூர்வகுடிகளும். இருபத்து மூன்று பேர் சீனர்கள். ஏழு பேருக்குச் சற்றுக் குறைவாக இந்தியர்கள். அந்த ஏழில் பெரும்பான்மை தமிழர்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு இந்த ஏழு பேரோடு நின்றுவிடுவது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, கிள்ளானில் தெங்கு கிளானா சாலை என்று தமிழ்க் கடைத்தெருக்களைச் சுற்றி, மூன்று வேளையும் இட்லி தோசை சாப்பிட்டு, பத்துமலையில் 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முருகனைக் கும்பிடுவது நல்லது, கும்பிடுங்கள். ஆனால் மிச்சம் தொண்ணூற்று மூன்று பேர் இருக்கிற சந்தையைப் பார்க்காமலே ‘மலேசியாவில் ஆர்டர் இல்லை’ என்று சொல்வது நியாயமில்லை.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போன கதை நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அவர்கள் சரக்கு விற்கப் போகவில்லை. தீப்பெட்டி செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ளப் போனார்கள். மாதக்கணக்கில் அங்கே தங்கி, பார்த்து, பழகி, அதன் பிறகுதான் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். நம் ஊரின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் அந்தப் பயணத்திலிருந்து கிளைத்தவை. இன்றைக்கு விமானத்தில் ஏறும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது அதைத்தான். முதல் பயணத்தில் ஆர்டரை எதிர்பார்க்காதீர்கள். டிக்கெட் செலவை முதல் பயணத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் கணக்குப் போட்டால், அவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். முதல் தடவை போவது பார்ப்பதற்கு. யார் வாங்குகிறார், யார் விற்கிறார், கடையில் எந்தச் சரக்கு கண் மட்டத்தில் இருக்கிறது, எது அடித்தட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது, உறையில் எத்தனை மொழி இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் போகிற நாளை முடிவு செய்ய வேண்டும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் நம் ஆட்கள் பலர் டிக்கெட் விலை குறைந்த வாரத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வாரம் ஏன் விலை குறைந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் சீனர்களின் கடைகளும் பட்டறைகளும் நாள்கணக்கில் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் அலுவலகங்கள் நடக்கும், ஆனால் மதியத்துக்கு மேல் நோன்பிருக்கிறவரிடம் விலை பேசி வாதாடுவது மரியாதையில்லை. நோன்புப் பெருநாளுக்கு நாடே சொந்த ஊர் கிளம்பிவிடும், நம் தீபாவளிக்குச் சென்னை காலியாவதைப் போல. 2027-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. ரமலான் அதை ஒட்டியே தொடங்குகிறது. ஆகவே பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஆர்டர் பேசப் போவது வீண் அலைச்சல். நாள் குறிக்கிற இடத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நோன்புப் பெருநாள் எது என்பது பிறை பார்த்த பிறகு முந்தின நாள் மாலையில்தான் அதிகாரபூர்வமாகத் தொலைக்காட்சியில் அறிவிக்கப்படும். அச்சடித்த காலண்டர் தேதியை நம்பித் திரும்பும் டிக்கெட்டை மறுநாளுக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வாரத்தின் கணக்கும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கோலாலம்பூர், பினாங்கு, பேராக்கில் நம்மைப் போலச் சனி, ஞாயிறு விடுமுறை. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஜோகூரும் வெள்ளி, சனி என்றுதான் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய ஏஜென்ட் சொன்னதை வைத்துக்கொண்டு ஜோகூருக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். எந்த மாநிலமானாலும் வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டேமுக்கால் வரை முஸ்லிம் நண்பர்களுக்குத் தொழுகை நேரம். அந்த நேரத்துக்குச் சந்திப்பு கேட்கவே கேட்காதீர்கள். நம் தீபாவளி சரவாக் தவிர மற்ற மாநிலங்களில் பொது விடுமுறை என்பதும் பலருக்குத் தெரியாது. மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். ஊரில் பதினொரு மணிக்கு டீ குடித்துவிட்டுப் போன் போடுகிறபோது அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

அடுத்தது பெயர். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மைப் போலவே மலாய்க்காரர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அகமது பின் அப்துல்லா என்றால் அப்துல்லாவின் மகன் அகமது. அவரைத் திரு. அப்துல்லா என்று கூப்பிட்டால் அவர் அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும். நம் இனிஷியலை விரித்து யாராவது ‘மிஸ்டர் ராமசாமி’ என்று அப்பா பெயரால் அழைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதேதான். என்சிக் அகமது என்பது மரியாதையான விளிப்பு. பெண்களானால் புவான் அல்லது சிக். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். தான் மேய் லிங் என்ற அம்மையாரை மிஸ் தான் என்று சொல்ல வேண்டும். மேய் லிங் என்று கூப்பிட அவரே அனுமதிக்கட்டும். மாமன்னரோ மாநில ஆட்சியாளரோ கொடுக்கிற டத்தோ, டான் ஸ்ரீ போன்ற பட்டங்கள் இருந்தால் அவற்றை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. நம் பக்கம் அண்ணாச்சியைப் பெயர் சொல்லி அழைக்காததற்கு என்ன காரணமோ அதே காரணம்தான்.

விசிட்டிங் கார்டை நாடு முழுக்க அச்சடித்துக் கொடுக்கிற ஊர் நம்முடையது. ஆனால் கார்டு கொடுக்கிற முறையில் நாம் கவனமாயிருப்பதில்லை. சீனருக்கு இரண்டு கையாலும் கொடுத்து, அவர் கொடுப்பதையும் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு நிமிடம் படித்துப் பார்த்து மேசைமேல் வையுங்கள். வாங்கிய கையோடு சட்டைப் பைக்குள் செருகுவதும், அதன் பின்பக்கத்தில் விலையைக் கிறுக்குவதும் அவரையே அவமதிப்பதாக எடுத்துக்கொள்ளப்படும். மலாய்க்காரரிடம் வலது கையால் கொடுத்து, வலது கையால் வாங்குங்கள். கைகுலுக்கல் மென்மையாக இருக்கும், பிறகு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். பெண்ணாக இருந்தால் அவர் கை நீட்டுகிறாரா என்று பொறுத்திருந்து பாருங்கள். நீட்டவில்லையென்றால் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தால் போதும். நம் அச்சகங்களில் டிசைன் பிரிவைக் கவனிக்கிற பெண்கள் இப்போது தாங்களே பயணம் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே நாகரிகம்தான்: சில மலாய் ஆண்கள் பெண்ணிடம் கை நீட்ட மாட்டார்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விரலை நீட்டி ஆளைச் சுட்டாமல், கட்டை விரலை மடக்கிய விரல்களின்மேல் வைத்துக் காட்டுவது அங்கே பழக்கம்.

சாப்பாட்டு மேசைதான் நம்மவர்கள் தடுமாறுகிற இடம். முஸ்லிம் வாடிக்கையாளரை விருந்துக்கு அழைத்தால் ஹலால் சான்றுள்ள உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது அழைத்தவரின் பொறுப்பு. ஜாக்கிம் என்ற அரசுத் துறை கொடுக்கிற முத்திரையைக் கதவிலேயே பார்க்கலாம். சைவ உணவகம்தானே, பரவாயில்லை என்று நாமாக முடிவு செய்யாமல், அவரிடம் கேட்டுவிடுவது நல்லது. சீன நண்பர்களில் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள். இது நம் ஆட்கள் பலர் அறியாத செய்தி. மூன்று இனத்தாரும் உட்காருகிற மேசையானால் ஹலால் கோழியும் மீனும் காய்கறியும் போதும், யாருக்கும் சங்கடமில்லை. அழைத்தவர் பணம் கொடுப்பதுதான் முறை. பங்கு பிரிக்க ஆரம்பிக்காதீர்கள். சீன உணவகத்தில் குச்சியைச் சோற்றுக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவது அப்படித்தான். குச்சி பிடிக்கத் தெரியாவிட்டால் கரண்டி கேளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கையில் கொண்டுபோகிற பரிசில் நம் மாவட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை விட்டுவிடுங்கள். பால் பொருளுக்குச் சுங்கத்தில் கேள்வி வரும், பயணத்தில் கெடவும் கெடும். சாத்தூர்க் காராச்சேவு நல்ல தேர்வு. உறையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்திலும் இருக்கட்டும். முஸ்லிம்களுக்கு மது, மது கலந்த சாக்லேட் எதுவும் கூடாது. சீனர்களுக்குக் கடிகாரம் பரிசாகக் கொடுக்காதீர்கள், அவர்கள் மொழியில் அந்தப் பேச்சு இறுதிச் சடங்கோடு சேர்ந்து ஒலிக்கும். வெள்ளைத் தாளில் சுற்றித் தருவதும் துக்கத்தின் அடையாளம். நான்கு என்ற எண் சாவை நினைவூட்டும், எட்டு அதிர்ஷ்டம். சில கட்டடங்களில் நான்காவது மாடிக்கு 3ஏ என்று போட்டிருப்பதை லிப்டில் பார்ப்பீர்கள். விலைப்பட்டியலில் 4.40 என்று எழுதுவதற்கு முன் 4.38-இல் நிறுத்தலாமா என்று யோசிக்கிற சீன வியாபாரியோடு பேசப் போகிறோம் என்ற நினைவு இருக்கட்டும்.

அச்சகத் தம்பிகளுக்கு இந்த இடத்தில் விசேஷமாக ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் பண்டிகைக்குப் பணம் வைத்துக் கொடுக்கிற சின்ன உறைக்கு ஆண்டு முழுக்கத் தேவை இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு உறை. நோன்புப் பெருநாளுக்குப் பச்சை. தீபாவளிக்குப் பெரும்பாலும் ஊதா. வங்கிகளும் கம்பெனிகளும் தங்கள் பெயரைப் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். பாயில் ஸ்டாம்பிங், எம்பாசிங், டை பஞ்சிங் எல்லாம் கைவந்த ஊர் நம் ஊர். கல்யாணப் பத்திரிகையில் காட்டுகிற வேலைப்பாட்டை ஒரு விரற்கடை உறையில் காட்டினால் போதும். ஆனால் வடிவமைப்பைச் சீனர் ஒருவரிடம் காட்டாமல் சிவப்பு உறையை அச்சுக்கு ஏற்றாதீர்கள். மலாய்க்காரர் ஒருவரிடம் காட்டாமல் பச்சை உறையை ஏற்றாதீர்கள். சீன ராசியில் நாய் ஆண்டு 2018-இலும் பன்றி ஆண்டு 2019-இலும் வந்துபோயின, மறுபடி 2030, 2031-இல் வரும். அந்த ஆண்டுகளில் அந்தப் படங்களை மூன்று இனத்தாருக்கும் போகிற காலண்டரில் பெரிதாகப் போட்டால் முஸ்லிம் ஊழியர்கள் வாங்கத் தயங்குவார்கள். நம் சாமி படம் தமிழர் வீட்டுக் காலண்டருக்கு அழகு, மூன்று இனத்தாரும் வேலை பார்க்கிற கம்பெனியின் காலண்டருக்கு மலையும் அருவியும் போதும். குர்ஆன் வசனங்களை அச்சிட அந்த நாட்டில் 1986-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, அனுமதியில்லாமல் அழகுக்காகக்கூட ஒரு வரி போட்டு மாதிரி கொண்டுபோகாதீர்கள்.

இனி அங்கே இருக்கிற நம்மவர்களைப் பற்றி. இதைத்தான் நான் மனசு வைத்து எழுதுகிறேன். அந்தத் தமிழர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டப் போனவர்களின் நான்காவது, ஐந்தாவது தலைமுறை. வேறு சிலர் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டிய முஸ்லிம் குடும்பங்கள், வேறு சிலர் செட்டிநாட்டார், யாழ்ப்பாணத்தார். ‘பசியாறியாச்சா’ என்று கேட்பார்கள், ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்ததும் நம் ஆட்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். ஒன்று, ‘உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு’ என்று தொடங்கி, ‘அங்க நீங்க யாரு’ என்று சாதிவரை போய் நிற்பது. ஊரில் சாதாரணமாகக் கேட்டுப் பழகிவிட்ட கேள்வி. தோட்டத்தில் முப்பாட்டன் பட்ட பாட்டை இன்னும் மறக்காத ஒருவரிடம் அதைக் கேட்கிறபோது முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் மலேசியர், தமிழர், உங்கள் வாடிக்கையாளர். அவ்வளவு தெரிந்தால் வியாபாரத்துக்குப் போதும், நட்புக்கும் போதும்.

இரண்டாவது, அவர் தன் நாட்டில் தனக்கிருக்கிற மனக்குறையை உங்களிடம் சொல்லும்போது நீங்களும் சேர்ந்துகொண்டு மலாய்க்காரர்களையும் சீனர்களையும் குறை பேசுவது. குடும்பத்துக்குள் இருக்கிற மனத்தாங்கலை அவர் சொல்லலாம், விருந்தாளி சொல்லக் கூடாது. இனம், மதம், மன்னர் குடும்பம் ஆகிய மூன்றையும் பற்றிப் பொதுவில் பேசுவது அங்கே சட்டப்படியே வில்லங்கம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் பொதுவில் பேசுவதுதான். நாளைக்கு அதே தமிழ் வாடிக்கையாளர் தன் சீனப் பங்குதாரரை உங்களுக்கு அறிமுகம் செய்வார். அப்போது முகம் பார்த்துப் பேச முடிய வேண்டும்.

‘சீனர் கறாராய்ப் பேசுவார், மலாய்க்காரர் நிதானமாய்ப் பேசுவார்’ என்று இனத்துக்கு ஒரு குணம் எழுதிக் கொடுக்கிறவர்களின் பேச்சையும் முழுதாக நம்பாதீர்கள். விருதுநகர் மண்டியில் உட்கார்ந்திருக்கிற நூறு பேரும் ஒரே மாதிரியா வியாபாரம் பேசுகிறார்கள்? நான் மேலே எழுதியதெல்லாம் அடுத்தவர் மனம் கோணாமல் உள்ளே போவதற்கான வழி. உள்ளே போன பிறகு எதிரே இருக்கிற ஆளை அந்த ஆளாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பினாங்கு போகிறவர்கள் ஜார்ஜ் டவுனில் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலையில் ஒரு காலை நேரம் நடந்துவிட்டு வாருங்கள். 1801-இல் ஒரு தமிழ் முஸ்லிம் வணிகர் முன்னின்று கட்டிய பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில், 1818-ஆம் ஆண்டின் புனித ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பூக்கடைக்காரரும் ஊதுபத்திக் கடைக்காரரும் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கவனித்தாலே ஒரு வாரப் படிப்பு கிடைத்துவிடும்.

பெட்டி கட்டும்போது மறக்கக் கூடாதவை சில. பட்டாசுத் தொழிலிலிருந்து போகிறவர்கள் சாம்பிள் என்று ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிகூட எடுத்துப் போகக் கூடாது. கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. தீப்பெட்டி சாம்பிளுக்கும் இதே விதிதான். லேபிளையும், காலி டப்பாவையும், வீடியோவையும் எடுத்துப் போங்கள். பட்டாசு இறக்குமதிக்கு அங்கே தனி உரிமம் வேண்டும், அதைப் பேசித் தீர்க்க வேண்டியவர் உரிமம் வைத்திருக்கிற இறக்குமதியாளர். குடோனில் கிடந்த பையையும் ஃபேக்டரிக்குப் போட்டுப்போன சட்டையையும் எடுத்துச் செல்லாதீர்கள். விமான நிலையத்தில் பையைத் துணியால் துடைத்து வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நம் பக்கத்துப் பையில் வெடியுப்புத் தூசி ஒட்டியிருக்க எத்தனை வாய்ப்பு என்று உங்களுக்கே தெரியும். புதுப் பை வாங்கிக்கொள்ளுங்கள்.

மளிகைக்காரர்களுக்குக் கசகசா. வழியில் சிங்கப்பூரில் இறங்குகிறவர்களும் வளைகுடா போகிறவர்களும் அதைக் கையில் தொடவே வேண்டாம். சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் அதைப் போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கின்றன. மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு போன்ற விளைபொருளுக்கு மலேசியாவில் தடுப்புச் சோதனை உண்டு. சாம்பிளை வாங்குகிறவர் அனுமதி எடுத்த பிறகு கூரியரில் அனுப்புவதுதான் முறை. ஊர்க்காரர் யாராவது ‘என் தம்பிகிட்ட இந்தப் பார்சலை மட்டும் கொடுத்திடு’ என்று விமான நிலையத்தில் நீட்டினால், எவ்வளவு வேண்டியவரானாலும் மறுத்துவிடுங்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு அந்த நாடுகளில் மரண தண்டனைவரை உண்டு. பெட்டி உங்களுடையது என்றால் குற்றமும் உங்களுடையது.

இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. 2026 இறுதிவரை அந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள். கிளம்பும் முன் நிலவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விமானம் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். பணம் கேட்கிற இணையதளம் போலி. திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, அழைப்புக் கடிதம் மூன்றையும் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தித்துப் பேசுவதற்குத்தான் இந்த அனுமதி. வாங்கியவரின் பட்டறையில் மெஷின் பூட்டிக் கொடுப்பது, ஆள் பழக்குவது எல்லாம் வேலையில் சேரும், அதற்கு வேறு அனுமதி வேண்டும். நம் மெக்கானிக்குகள் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. மின்சாரத்துக்கு அங்கே மூன்று பட்டைக் கம்பி உள்ள இங்கிலாந்து பிளக், அடாப்டர் இங்கேயே வாங்கிக்கொண்டால் காசு மிச்சம்.

பணப் பேச்சு. வாய் வார்த்தையில் லட்சக்கணக்கில் சரக்கு கொடுத்து வாங்குகிற பழக்கம் விருதுநகரின் பெருமை. அந்த நம்பிக்கை நாலு தலைமுறை உறவில் வளர்ந்தது. கடல் தாண்டிய முதல் ஆர்டரில் அதை எதிர்பார்க்க முடியாது. தமிழர் என்பதாலேயே கடனுக்குச் சரக்கு ஏற்றிவிட்டு வசூலுக்கு அலைகிறவர்களை நான் அறிவேன். முன்பணம் வாங்குங்கள், அல்லது வங்கி வழியாக எல்.சி. என்கிற கடனுறுதிக் கடிதம் போடச் சொல்லுங்கள். இ.சி.ஜி.சி. நிறுவனத்தில் ஏற்றுமதிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள், கட்டணம் பெரிதில்லை. இந்தியா, மலேசியா இரண்டுக்கும் இடையே 2011 ஜூலை முதல் பொருளாதார ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. சரக்கு இந்தியாவில் செய்யப்பட்டது என்ற சான்றிதழை வைத்தால் பல பொருள்களுக்கு அங்கே சுங்க வரி குறையும். நம் ஆட்கள் பலர் இந்தச் சான்றிதழை வாங்காமலே விலை கட்டவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். 2023 ஏப்ரல் முதல் இரு நாட்டு வியாபாரத்தை ரூபாயிலும் முடித்துக்கொள்ள வழி உண்டு, உங்கள் வங்கி மேலாளரிடம் கேளுங்கள். வாங்குகிறவர் யார், கம்பெனி உண்மையிலேயே பதிவானதா என்று விசாரிக்கக் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவும், மைக்கி என்கிற மலேசிய இந்தியர் வர்த்தகச் சங்கக் கூட்டமைப்பும் உதவுவார்கள். சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் தனித்தனி வர்த்தகச் சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் கதவையும் தட்டுங்கள்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே, பார்த்த ஒவ்வொருவருக்கும் பெயர் சரியாகப் போட்டு நன்றிக் கடிதம் அனுப்பிவிடுங்கள். அனுப்புகிறேன் என்று சொன்ன சாம்பிளைச் சொன்ன நாளுக்குள் அனுப்புங்கள். தீபாவளி முடிந்ததும் பார்க்கலாம் என்பது நமக்குள் செல்லும், அவர்களிடம் செல்லாது. பிப்ரவரியில் கைக்குப் போக வேண்டிய சிவப்பு உறைக்கு இங்கே காலண்டர் வேலை உச்சத்தில் இருக்கிற நவம்பரில் மெஷின் கிடைக்காது. அதனால் அந்த வேலையைச் செப்டம்பரிலேயே அச்சுக்கு ஏற்றித் தூத்துக்குடியில் கப்பலேற்றிவிட வேண்டும். இந்த ஒரு கணக்கைப் பயணம் போவதற்கு முன்பே அச்சக முதலாளிகள் தங்கள் ஃபோர்மேனோடு உட்கார்ந்து பேசிவிட்டால் நல்லது.

போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். இன்னும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவர்களிடம் விசாரித்துப் பதில் தருகிறோம். கடிதத்தில் என்ன தொழில், எந்த மாநிலத்துக்கு எந்த மாதம் போகிறீர்கள் என்பதை அவசியம் குறிப்பிடுங்கள். பினாங்குக்கும் கிளந்தானுக்கும் ஒரே பதில் எழுத முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்